மேல் விளிம்பு மட்டும்

டாக்டருக்கு வணக்கம்.

நீங்கள் கொடுத்தனுப்பிய பெல்ட் பத்திரமாக வந்து சேர்ந்தது. வார்டு அம்மா அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, பையின் வாயை ரப்பர் வளையத்தால் கட்டி, என் தையல் மேசைமேல் வைத்தார். "இது உங்க கடை சரக்குதானாமே. இந்த இடம் மட்டும் ஏன் இப்படித் தேஞ்சிருக்குன்னு டாக்டருக்குப் புரியலையாம். உங்கள விட்டா யாருக்கும் தெரியாதுன்னாரு" என்றார். உள்ளே உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு இருந்தது.

"பேட் மேல் விளிம்பில் மட்டும் தேய்ந்திருக்கிறது. நடுவில் புதிது போல் இருக்கிறது. மேல் விளிம்பில் மட்டும் இரட்டைத் தோல் வேறு. எப்படி? ஏன்?"

இத்தனை வருடப் பழக்கத்தில் உங்களுக்குத் தெரியாத ஒன்றை என்னிடம் நீங்கள் கேட்பது இதுதான் முதல் முறை. சீட்டை மூன்று தடவை படித்தேன். ஏழெட்டு வாரத்துக்கு முன்பு இதே கேள்வி என் எதிரிலும் வந்து நின்றது. எனக்கும் அப்போது பிடிபடவில்லை. ஒன்பது நாள் மண்டையைக் குடைந்தது. பிறகு விடை கிடைத்தது. கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. அது என் சுபாவம். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். விளக்கம் என்றால் வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

இதை அணிந்திருந்தவரை உங்களால் காப்பாற்ற முடியவில்லை. அதற்காக நீங்கள் உங்களை நொந்துகொள்ள வேண்டாம். அவர் உங்களிடம் வந்து சேர்ந்த நேரத்தில் யாராலும் முடிந்திருக்காது. அதையும் விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் பேட். குடலிறக்கத்துக்கான பெல்ட்டில் இடுப்பைச் சுற்றும் பட்டை முக்கியமில்லை. அதில் தைத்திருக்கிற, உள்ளங்கையளவு முட்டை வடிவ மெத்தைதான் முக்கியம். உள்ளே கம்பளி, வெளியே மெல்லிய தோல். குடல் எட்டிப் பார்க்கிற ஓட்டையை இது வெளியிலிருந்து கை வைத்துப் பொத்துவது போலப் பொத்தி வைக்கும். நடக்கும்போதும் குனியும்போதும் உடம்போடு உரசி உரசித் தேயும். நடுவில்தான் தேயும். உட்கார்ந்து வேலை பார்ப்பவரின் கால்சட்டை எங்கே தேயுமோ, அதே கணக்கு. இருபத்திரண்டு வருடத்தில் ஆயிரக்கணக்கான பேட் மாற்றியிருக்கிறேன். மேல் விளிம்பு மட்டும் தேய்ந்த பேட் ஒன்றே ஒன்றுதான் பார்த்தேன்.

என் அறை உங்களுக்குத் தெரியும். ஊன்றுகோல், கழுத்துப்பட்டை, முழங்கால் உறை எல்லாம் முன்பக்கம். திரைக்குப் பின்னால் என் தையல் மெஷின், ரெக்சின் போட்ட ஒரு கட்டில், சுவரில் என் டயர்ப் பலகை. ஒரு நாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நீங்களே வந்து அதைப் பார்த்தீர்கள். பழைய சைக்கிள் டயர்த் துண்டில் கட்டைவிரல் நுழையும் கிழிசல், உள்ளே டியூப். கைப்பம்பால் அடித்தால் டியூப் கிழிசல் வழியாகக் குமிழ் விட்டு வெளியே வரும். "டயர்தான் உங்க வயித்துச் சுவர். டியூப்தான் குடல். குடல்ல கோளாறு இல்ல, சுவர்ல ஓட்டை" என்பேன். அன்றைக்கு வந்திருந்த கொத்தனார் ஒருவர், "அப்போ ஒரு பஞ்சர் ஒட்டினா தீர்ந்தது சார்" என்றார். "அதத்தான் எதிர்ல டாக்டர் பண்றாரு. நான் பஞ்சர் கடைக்குப் போற வரைக்கும் விரலால அமுக்கிப் பிடிச்சிருக்கிறவன்" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். "முப்பது வருஷமா நானும் சொல்லிட்டிருக்கேன், இந்த டயர் எனக்குத் தோணலையே" என்றீர்கள். பதினோரு வருடம் ஆகிறது. நீங்கள் மறந்திருப்பீர்கள்.

அடுத்தது மூச்சு. மரச்சாமான் கடை மாடியில் மூச்சுப் பயிற்சி வகுப்பு ஆரம்பித்த பிறகு, பெல்ட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்விதான் கேட்டார்கள். குடலிறக்கம் இருக்கிறது, மூச்சுப் பயிற்சி செய்யலாமா? இதற்கு நான் நான்கு நிமிடத்தில் பதில் சொல்வேன். பம்பையே பயன்படுத்துவேன். மெதுவாகப் பம்பை இறக்கினால் டியூப் லேசாக அசையும், வெளியே வராது. அது நிதானமாக இழுத்து நிதானமாக விடுகிற மூச்சு. நுரையீரலுக்கு அடியில் இருக்கிற தசைத் திரை கொஞ்சம் இறங்கும், வயிற்றுக்குள் அழுத்தம் கொஞ்சம் ஏறும், ஒரு வாளித் தண்ணீர் தூக்கும்போது ஏறுகிற அளவுகூட இருக்காது. பிறகு பம்பை வெடுக் வெடுக்கென்று அடித்துக் காட்டுவேன். ஒவ்வொரு அடிக்கும் டியூப் கிழிசலில் மூக்கை நீட்டும். அது கபாலபாதி, துருத்தி மூச்சு வகையறா. வயிற்றைச் சுண்டி இழுத்து மூக்கு வழியாகக் காற்றை உதறுவது. நிமிடத்துக்கு அறுபது உதறல். "அறுபது தும்மல்னு வெச்சுக்கோங்க" என்பேன். கடைசியாகப் பம்பை அழுத்தி அப்படியே பிடித்துக்கொள்வேன். டியூப் வெளியே வந்து வெளியேயே நிற்கும். அது மூச்சை அடக்கி வயிற்றை இறுக்குவது.

"மெதுவான மூச்சு பெரும்பாலும் பரவாயில்ல, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. உதறவும் கூடாது, அடக்கவும் கூடாது. பெல்ட் போட்டிருந்தாலும் கூடாது." பள்ளிக்கூட டீச்சருக்கும் இதைத்தான் சொன்னேன், பழ வண்டிக்காரருக்கும் இதைத்தான் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர்களைக் கட்டிலில் படுக்கச் சொல்வேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த மாடி வகுப்பை நடத்தியவர் என் சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர்.

பொறாமை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அதனால் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன். அந்த வீட்டுக்கு நான் மூத்த மாப்பிள்ளை. அவர் எனக்கு ஆறு வருடம் பின்னால் வந்தவர். லிப்ட் இயக்குபவராக ஒரு பெரிய கட்டடத்தில் வேலை பார்த்தார். லிப்ட் எப்படி வேலை செய்கிறது என்று கல்யாணமான புதிதில் அவரிடம் கேட்டேன். "பட்டன அமுக்கினா மேல போகும் சகல" என்றார். நான் எதிர்ப்பாரக் கல்லைப் பற்றி, கம்பிவடத்தைப் பற்றி, வடம் அறுந்தாலும் லிப்ட் ஏன் விழாது என்பதைப் பற்றியெல்லாம் எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் எழுந்து நின்று, உள்ளே சமையலறையில் இருந்தவர்களுக்குக் கேட்கும்படி, "நம்ம வீட்டுல எல்லாத்துக்கும் ஒரு விளக்கவுரை இருக்குப்பா" என்றார். உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் என் பெயர் விளக்கவுரை. "விளக்கவுரைக்கு இன்னொரு டீ" என்று என் மாமியாரே சொல்லியிருக்கிறார். நானும் சிரித்தேன். பதினெட்டு வருடம் சிரித்தேன். அது ஒரு விஷயமே இல்லை.

அவருக்கு இழுப்பு வந்தது. யாரோ சொல்லி மூச்சுப் பயிற்சிக்குப் போனார். இழுப்பு குறைந்தது. லிப்ட் வேலையை விட்டுவிட்டுத் தானே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். ஒரே வருடத்தில் மாஸ்டர் ஆகிவிட்டார். தெருவில் நடந்தால் பேர் சொல்லி நலம் விசாரிக்கிறார்கள். அவர் உடம்பு பலமானதுதான். குரலும் நல்ல குரல். ஆனால் அவர் சொன்னதில் பாதி தப்பு. மூச்சு வயிற்றுக்குப் போகிறது என்பார். மூச்சு எந்தக் காலத்திலும் வயிற்றுக்குப் போகாது, டாக்டர். தசைத் திரை இறங்குவதால் வயிறு முன்னால் தள்ளப்படுகிறது, அவ்வளவுதான். பத்தாம் வகுப்புப் பாடம்.

என் மனைவியும் அந்த வகுப்பில் சேர்ந்தாள். நல்லதுதானே என்று நானே அனுப்பினேன். கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, அவர் சொல்வதையெல்லாம் எழுதிவைக்க ஆரம்பித்தாள். இருபத்து நான்கு வருடம் என்னோடு வாழ்ந்தவள். குக்கர் விசில் எப்படி அடிக்கிறது என்பதிலிருந்து நிலா ஏன் தேய்கிறது என்பது வரைக்கும் நான் சொல்லியிருக்கிறேன். ஒரு வரி எழுதிவைத்தது கிடையாது. "ஆரம்பிச்சுட்டீங்களா" என்பாள், வெங்காயம் உரிக்கப் போய்விடுவாள். அந்த நோட்டில், 'மூச்சு அடிவயிறு வரை இறங்குகிறது' என்று முத்து முத்தாக எழுதியிருந்தாள். நான் பென்சிலால் ஓரத்தில், தப்பு என்று போட்டு, சரியானதைச் சிறிதாக எழுதிவைத்தேன். மறுநாள் பார்த்தேன். என் பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்திருந்தாள். கோபத்தில் அழித்தது போல இல்லை. தாள் கசங்காமல், பொறுமையாக அழித்திருந்தாள்.

"நான் எழுதினது தப்பா?" என்று கேட்டேன்.

"தப்பில்ல" என்றாள். "நீங்க சொன்னா சரியா இருக்கு. அவர் சொன்னா புரியுது."

நான் இதை அடிக்கடி நினைத்துப் பார்ப்பதில்லை. நீங்கள் கேட்டதால் வரிசைக்காகச் சொல்கிறேன்.

சகலை என் கடைக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். சாப்பாட்டு நேரம், முன்பக்கம் யாரும் இல்லை. நேராகத் திரைக்குப் பின்னால் வந்து, வேட்டியைத் தளர்த்திக் காட்டினார். வலது தொடை இடுக்கில், எலுமிச்சம்பழ அளவு. கை வைத்து அழுத்தியதும் உள்ளே போய்விட்டது. இருமச் சொன்னேன், வெளியே வந்தது. சாதாரணக் குடலிறக்கம். உங்களிடம் வந்திருந்தால் மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பியிருப்பீர்கள்.

"இப்ப டாக்டர்கிட்ட போக முடியாது சகல" என்றார். "நூறு நாள் வகுப்பு ஆரம்பிச்சு இன்னிக்கு இருபதாம் நாள். முப்பத்தி நாலு பேரு. மூச்சு சொல்லிக் குடுக்குறவனுக்கே குடல் எறங்கிருச்சுன்னா நாளைக்கு ஒருத்தன் வருவானா? நூறு நாள் முடியட்டும், நானே போய்ப் படுத்துக்கறேன். அதுவரைக்கும் ஒரு பெல்ட் குடுங்க. வீட்டுல யாருக்கும் தெரியவேணாம். அக்காகிட்ட கூட வேணாம்."

அக்கா என்றது என் மனைவியை.

"சரி" என்றேன். சொன்ன சொல்லை நான் காப்பாற்றினேன்.

பிறகு அவர் கேட்டார். கேட்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. "இதோட மூச்சுப் பயிற்சி பண்ணலாமா சகல?" நான் எழுந்து டயர்ப் பலகையை எடுக்கக் கையை நீட்டினேன். இது உண்மை. என் கை பலகைமேல் இருந்தது. அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இரண்டு கையையும் கூப்பினார்.

"ஐயா சாமி, விளக்கவுரை வேணாம். காலை வகுப்பு முடிஞ்சுது, நாலரைக்கு அடுத்த வகுப்பு. பண்ணலாமா வேணாமா, ஒத்த வார்த்தை."

நான் கையை எடுத்துவிட்டேன்.

"பெல்ட் போட்டுட்டுப் பண்ணுங்க" என்றேன்.

அவர் சுருக்கமாகக் கேட்டார், நான் சுருக்கமாகச் சொன்னேன். வாடிக்கையாளர் கேட்ட அளவுக்குத் துணி வெட்டுவதுதான் தொழில். அளவெடுத்தேன். அளவை நின்றபடிதான் எடுக்க வேண்டும், அதில் தவறில்லை. பெல்ட்டைக் கட்டிக் காட்டியதும் நின்றபடியேதான். வழக்கமாக இந்த இடத்தில் கட்டிலில் படுக்கச் சொல்வேன் என்றேன் அல்லவா, அன்றைக்குக் கட்டில்மேல் ஊன்றுகோல் பெட்டிகள் நான்கு இருந்தன. அட்டைப் பெட்டிதான், தூக்கி வைக்க ஒரு நிமிடம் ஆகும். அவருக்குத்தான் அவசரம்.

ஐந்து வாரம் கழித்துத் திரும்ப வந்தார். பெல்ட்டை மேசைமேல் போட்டார். பேட்டின் மேல் விளிம்பில் தோல் தேய்ந்து, கம்பளி பிசிறாகத் தெரிந்தது. நடுவில் ஒரு கீறல் இல்லை. "இங்க ஒரு மாதிரி குத்துது சகல. அப்புறம் கொஞ்சம் நழுவுது. இறுக்கமா, நல்லா கெட்டியா பண்ணிக் குடுங்க" என்றார். அதுவரைக்கும் போட்டுக்கொள்ள வேறு ஒன்று கொடுத்தனுப்பினேன்.

இங்கேதான் உங்கள் கேள்வி ஆரம்பிக்கிறது. மேல் விளிம்பு ஏன் தேய வேண்டும்? தலைகீழாகக் கட்டுகிறாரா? இல்லை, கொக்கி அந்தப் பக்கம் மாட்டாது. பட்டை இறங்குகிறதா? இறங்கினால் கீழ் விளிம்பு தேயும். உதறல் மூச்சால்தான் இப்படி ஆகிறதோ என்று நானே சோதித்தேன். கறுப்பு பனியன் ஒன்றைப் போட்டுக்கொண்டு, பேட்டில் தையல்காரச் சாக்கட்டியைத் தடவி, முறைப்படி பெல்ட்டைக் கட்டி, அறுபது உதறல் உதறினேன். அவிழ்த்துப் பார்த்தால் பனியனில் வெள்ளையாக, அழகான முட்டை வடிவம். நடுவில்தான் அழுத்தம். மூன்று தடவை செய்தேன். மனைவி எட்டிப் பார்த்து, "நீங்களும் மூச்சு பண்றீங்களா?" என்று சந்தோஷமாகக் கேட்டாள். "சும்மா" என்றேன். எனக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம். எட்டு நாள் போய்விட்டது.

ஒன்பதாம் நாள், "நானும் வகுப்புக்கு வரேன்" என்று மனைவியிடம் சொன்னேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். நீண்ட அறை, வரிசையாகப் பாய்கள், கீழே கடையிலிருந்து மர வார்னிஷ் வாசனை. கை கழுவலாம் என்று மூலையில் இருந்த கழிவறைக்குள் போனேன். உள்ளே நுழைந்தால் கதவைச் சாத்துவதற்கே வயிற்றை எக்க வேண்டும், அவ்வளவு ஒடுக்கம். நான் வெளியே வந்து பாயில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் சகலை தோளில் சின்னத் துணிப்பையோடு வந்தார், எல்லோருக்கும் வணக்கம் சொன்னார், பையோடு கழிவறைக்குள் போனார், நான்கு நிமிடத்தில் வெளியே வந்தார். இடுப்பு விறைப்பாக இருந்தது.

விடை எனக்கு அந்த இடத்தில் கிடைத்துவிட்டது. மின்விசிறி சுற்றாமல் இருந்து, எங்கோ ஒரு கம்பியைத் தொட்டதும் சுற்ற ஆரம்பிக்குமே, அப்படி. ஒன்பது நாள் குடைச்சல் ஒரு நொடியில் தீர்ந்தது. எழுந்து போய் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். முழங்காலை ஊன்றிப் பாதி எழுந்துவிட்டேன்.

அவர் அதைப் பார்த்துவிட்டார். "இவரு என் சகல" என்று எல்லோருக்கும் சொன்னார். "பெரிய ஞானி. மூச்சு எப்படிப் போகுதுன்னு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க, மூணு மணி நேரம் விளக்குவாரு. அவர் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நமக்கு மூச்சே நின்னுரும்."

முப்பத்து நான்கு பேரும் சிரித்தார்கள். முன்வரிசையில் என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். இருபத்து நான்கு வருடத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. நல்ல முகம்.

நான் திரும்ப உட்கார்ந்தேன். அவர் எண்ணிக்கை சொல்ல, நானும் மூச்சு விட்டேன். அறுபது உதறல், மூன்று சுற்று. ஒவ்வொரு உதறலுக்கும் பேட்டின் மேல் விளிம்பு எங்கே போய் அழுத்துகிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வகுப்பு முழுக்க அவரைவிட எனக்கு அதிகம் தெரிந்திருந்தது. அமைதியாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பெல்ட்டைத் தயார் செய்து கொடுத்தேன். இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, இரட்டைத் தோல். ஒரு பொருள் எந்த இடத்தில் தேய்கிறதோ அந்த இடத்தைப் பலப்படுத்துவது எந்தத் தொழிலுக்கும் பொது விதி. செருப்புக்காரர் குதிகாலில் ஆணியடிப்பார். நான் மேல் விளிம்பில் கூடுதலாக ஒரு தோல் வைத்து, உள்ளே கம்பளிக்குப் பதிலாக மிதியடி ரப்பர் பட்டை ஒன்று கொடுத்து, மெழுகு நூலால் நெருக்கமாகத் தைத்தேன். பட்டையை இரண்டு விரற்கடை இறுக்கினேன். அவர் கேட்டது இறுக்கமும் கெட்டியும். தையலைப் பாருங்கள் டாக்டர், ஒரு நூல் பிரியவில்லை. நான் செய்ததிலேயே நேர்த்தியான வேலை அதுதான்.

"இதான் சகல வேலைன்னா" என்று தட்டிக் கொடுத்தார்.

எண்பத்தெட்டாம் நாள், பதினொரு மணி வாக்கில் போன் செய்தார். குரல் உடைந்திருந்தது. "காலைல வகுப்புலயே ஒரு மாதிரி இருந்துச்சு சகல. இப்ப உள்ள போகமாட்டேங்குது. கல்லு மாதிரி இருக்கு. ரெண்டு தடவ வாந்தி. அவ கடைக்குப் போயிருக்கா. என்ன பண்ணட்டும்?"

வெளியே வந்த குடல், ஓட்டையைத் தாண்டுகிற கழுத்துப் பகுதியில் நெரிபட்டால் அதற்கு இரத்தம் போகாது. பிறகு இருப்பது சில மணி நேரம்தான். இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் நின்றுகொண்டிருந்த இடத்திலிருந்து ஜன்னல் வழியாக உங்கள் மருத்துவமனையின் வாசல் தெரிந்தது. ஒரு ஆம்புலன்ஸ் காலியாக நின்றது, ஓட்டுநர் பக்கத்தில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் படுங்க" என்றேன். "மெதுவா மூச்சு விடுங்க. சரியாயிரும்."

"சரியாயிருமா?"

"நீங்கதானே மாஸ்டர்" என்றேன். "உங்களுக்குத் தெரியாததா?"

படுங்கள் என்று நான் அவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. பத்து வாரம் தாமதம். போனை வைத்துவிட்டு, காத்திருந்த ஒரு அம்மாவுக்குப் பெல்ட் பொருத்தினேன். அவரும் மூச்சுப் பயிற்சியைப் பற்றிக் கேட்டார். நான்கு நிமிடம், முழுவதும் சொன்னேன். அந்த அம்மா, "எவ்வளவு அழகா சொல்றீங்க" என்றார்.

சகலை என் சொல் தவறாமல் படுத்திருந்தார். அவர் மனைவி கேட்டதற்கு, வாயுப் பிடிப்பு என்று சொல்லியிருக்கிறார், ரகசியம் அல்லவா. மறுநாள் சாயங்காலம் நினைவு தப்பிய பிறகுதான் உங்களிடம் கொண்டுவந்தார்கள். உள்ளே கறுத்துப்போயிருந்ததாகச் சொன்னீர்கள். மூன்றாம் நாள் நீங்கள் வெளியே வந்து, என் தோளில்தான் கை வைத்தீர்கள். "நீங்க இருந்தும் இப்படி விட்டுட்டாரே, உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றீர்கள். நான் தலையாட்டினேன்.

எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து, என் மனைவி சமையலறையிலிருந்து வந்து என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எப்படி இப்படி ஆச்சு? எனக்கு விளக்கிச் சொல்லுங்க" என்றாள்.

கடைக்கு அழைத்துப் போனேன். டயர்ப் பலகையை எடுத்தேன். வயிற்றுச் சுவர், குடல், தசைத் திரை, உதறல், அடக்கல், எல்லாம் சொன்னேன். ஒன்றரை மணி நேரம். ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. நடுவில் ஒரு இடத்தில், "அப்போ மூச்சு வயித்துக்குப் போறதே இல்லையா?" என்று கேட்டாள். "இல்ல" என்றேன். தலையாட்டினாள். புரிந்தது. டாக்டர், நான் சொல்லியே அவளுக்குப் புரிந்தது.

கடைசியில் ஒன்று கேட்டாள். "இதெல்லாம் அவர்கிட்ட சொன்னீங்களா?"

"அவர் விளக்கவுரை வேணாம்னுட்டாரு" என்றேன்.

அவருக்குக் குடலிறக்கம் இருந்தது எனக்கு முன்பே தெரியும் என்று அதுவரைக்கும் அவளுக்குத் தெரியாது. பலகையிலிருந்து பம்பைக் கழற்றி, டியூபை அமுக்கி, காற்றை அவளே முழுவதும் வெளியேற்றினாள். மறுநாள் தங்கைக்குத் துணையாக இருக்கிறேன் என்று போனாள். பதினோரு நாள் ஆகிறது. கோடு போட்ட நோட்டை இங்கேயே விட்டுப் போயிருக்கிறாள். வந்ததும் மிச்சத்தை எழுதிக்கொள்வாள் என்று நினைக்கிறேன். அவளுக்கு இப்போதுதான் இதிலெல்லாம் ஆர்வம் வந்திருக்கிறது. இந்தக் கடிதத்தை நீங்கள் யாரிடம் காட்ட வேண்டுமோ காட்டலாம். காட்டினால் பெல்ட்டையும் சேர்த்துக் காட்டுங்கள். இல்லாவிட்டால் அவர்களுக்கு விளங்காது.

இனி உங்கள் கேள்விக்குப் பதில்.

பெல்ட்டை அவர் நின்றுகொண்டு கட்டினார். வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது என்பதால் அந்தக் கழிவறைக்குள் போய்க் கட்டினார். அங்கே படுக்க இடமில்லை. நிற்கும்போது குடல் ஏற்கெனவே வெளியே வந்திருக்கும். பேட் ஓட்டையைப் பொத்தாமல், வெளியே வந்த குடலின்மேல் ஏறி உட்காரும். வீக்கம் பேட்டின் கீழ்ப்பாகத்தைத் தூக்கிவிடும். அதனால் மேல் விளிம்பு மட்டும் உடம்பில் பதியும். சரியாகக் குடலின் கழுத்துக்கு நேரே. உதறுகிற ஒவ்வொரு மூச்சுக்கும் அது அந்த இடத்தை அறுக்கும். இரட்டைத் தோல் வைத்தால் இன்னும் நன்றாக அறுக்கும். இது தெரிந்துதான் வைத்தேன்.

சரியான முறை இது. மல்லாந்து படுக்க வேண்டும். வெளியே வந்ததைக் கையால் மெதுவாக உள்ளே அனுப்ப வேண்டும். படுத்தபடியே பெல்ட்டைக் கட்டி, பிறகு எழுந்திருக்க வேண்டும். கட்டியிருந்தாலும் மூச்சை உதறக் கூடாது, அடக்கக் கூடாது. உள்ளே போகாவிட்டால், வலித்தால், உடனே மருத்துவமனை.

நேற்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பதினேழு விநாடி ஆகிறது.